படத்தில் விழாத தோள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் பாராடாங் தீவுக்குப் போகும் போட்டுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மரம் தூக்கும் கூலியாள் ஒருவர், வலது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி தன் மேஸ்திரியோடு நின்றார்.

"எக்ஸ்ரே படத்துல உன் தோளு நல்லாத்தான இருக்கு? அப்புறம் என்ன நக்ரா, நடிப்பு? நாளைக்கு வரலைன்னா குடிசையைக் காலி பண்ணு."

"படத்துல எலும்புதான் விழும் மேஸ்திரி. அறுந்தது தசைநாருன்னு டாக்டரே சொன்னாரு."

"அவரு உள்ள போய்ப் பார்த்தாரா?"

"சத்தத்தை உள்ள விட்டுச் சதையைப் பார்க்குற மெஷின் வெளிநாட்டுல இருக்காம். இங்க வர ரொம்பக் காலம் ஆகுமாம்."

"அது வர்ற வரைக்கும் உக்காந்து தின்னுவியா?"

"ஒத்தைக் கையால ஆகுற வேலை குடுங்க, செய்றேன். மரம் தூக்க மாட்டேன்."

"பஸ், போதும்! தூக்கத்தான உன்னை மெயின்லேண்டுலேருந்து கூட்டியாந்தேன்?"

"டீக் ஹை, சரி. நாளைக்கே வர்றேன். மரத்துக்குப் பின்னால நான் தோள் குடுக்குறேன், முன்னால நீங்க குடுங்க. என் கை விட்டுச்சுன்னா யார் முதுகுல விழுதுன்னு மெஷின் இல்லாமலே பார்த்துடலாம்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. போட்டில் ஏறும்போது மேஸ்திரி முணுமுணுத்தார்.

"மரம் இழுக்குற யானைக்குத் தழை போட ஆள் கேட்டாங்க."

"கேட்டுச் சொல்லுங்க. குடிசையிலதான் இருப்பேன்."