வக்கீலுக்கு வயிறு சரியில்ல

விளக்கெண்ணெய்ங்கறா தம்பி, விளக்கெண்ணெய். என் நாத்தனார். நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொல்றா, "ஒரு கரண்டி ஊத்துங்க அண்ணி, தன்னால வரும்"னு. பூனைக்கு. அது என்ன துருப்பிடிச்ச பூட்டா, எண்ணெய் விட்டா தெறந்துக்கறதுக்கு... ம், நேரா நில்லுங்க. அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும், ஆனா விழ மாட்டீங்க. பேண்ட்டுப் பின்தையலப் பிரிச்சுத்தான் விடணும் போல. போன தடவை பிடிச்சுக் குடுங்கன்னீங்க, இப்ப விட்டுக் குடுங்கன்றீங்க. இல்ல இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. நல்லா சாப்பிடறீங்க, சந்தோஷம்.

எங்க வீட்டுலயும் ஒருத்தர் நல்லாத்தான் சாப்பிடறாரு. உள்ள போறது தெரியுது, வெளிய வர்றதுதான் இல்ல. வக்கீலச் சொல்றேன். பூனைதான். உடம்பு பூரா கறுப்பு, கழுத்துக்குக் கீழ வெள்ளப் பட்டை, வாயத் தொறந்தா வாதாடாம மூடாது. வேற என்ன பேரு வைக்கிறது?

எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்தது. அவரு லிப்ட் மெக்கானிக். ரிட்டயர் ஆகறதுக்குக் கொஞ்ச நாள் முந்தி ஏதோ ஒரு பழைய ஆபீசு கட்டடம், லிப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டிருக்காங்க. போயி அடியில குழியில இறங்கிப் பாத்தா இது உக்காந்திருக்கு. அப்பவே கிழம். ஒரு காது கிழிஞ்சு, பின்னங்காலு தாங்கித் தாங்கி. மேலருந்து யாராவது போடற மிச்சம் மீதிய தின்னுக்கிட்டு அந்த இருட்டுக்குள்ளயே குடும்பம் நடத்தியிருக்கு. மனுஷன் என்ன பண்ணாரு, ஸ்பேனரையெல்லாம் வெளிய எடுத்துட்டு அத பைக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வந்துட்டாரு. நேரா இந்த மேஜை மேல வெச்சாரு. ஒரு வார்த்த சொல்லல. நான் பைய நகத்தலாம்னு கைய வெச்சா... பை சீறுது தம்பி. எனக்கு அப்பவே தெரியும், இது வில்லங்கம்னு.

சொல்லல, சொல்லலன்னு சொல்றேனே, அவரு அப்படித்தான். பேச்சுக்கு வரி போட்ட மாதிரி இருப்பாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிட்டிருக்கேன், எனக்கென்ன வாய் வலிக்காதா? ஆனா அந்தப் பூனைகிட்ட பேசறாரு. கதவோரம் நின்னு என் காதால கேட்டேன். லிப்ட் கயிறு அறுந்தாலும் எப்படி கீழ விழாம நிக்கும்னு வெளக்கிக்கிட்டிருக்காரு. அதுவும் கண்ண மூடிக்கிட்டு கேக்குது. என்கிட்ட ஒரு நாளாவது அதச் சொல்லியிருப்பாரா? சரி, நானும் கேட்டதில்ல. அத விடுங்க. கைய மேல தூக்குங்க.

மொதல்ல எங்களுக்குத் தெரியல தம்பி. வெளிக்கிருக்க வெச்ச மண்ணுப் பெட்டிக்குள்ள போகும், வரும். போகும், வரும். நானும் ஏதோ சாமியார் மாதிரி தியானம் பண்ணுதுன்னு விட்டுட்டேன். அப்புறம் பாத்தா முக்கறது, முனகறது, சாப்பிட்டத வாந்தி எடுக்கறது. வந்தாலும் என்ன வரும்? பொத்தான் மாதிரி ஒண்ணு. காஞ்சு, கல்லு மாதிரி. தூக்கிக்கிட்டு ஓடுனோம். டாக்டரம்மா வயித்த ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு, இங்கயே விட்டுட்டுப் போங்க, சாயந்திரம் வாங்கன்னாங்க. மயக்க மருந்து குடுத்து, எனிமா குடுத்து, கையால எடுத்திருக்காங்க. படிச்ச பொண்ணு, பாவம், அந்த வேலை.

அப்புறம் சொன்னாங்க, இப்படி அடிக்கடி அடைச்சுக்கிட்டா குடல் விரிஞ்சுடும், விரிஞ்சது திரும்ப சுருங்காது, தள்ளற சக்தியே போயிடும்னு. எனக்குப் புரியாதா? எலாஸ்டிக் தானே. ஒரே இழுவையா இழுத்து வெச்சா தொளதொளன்னு ஆயிடும், அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் பிடிக்காது. எலாஸ்டிக்னா நான் மாத்திக் குடுத்துடுவேன். குடல எங்க போயி மாத்தறது.

அதுலருந்து ஆரம்பிச்சது எங்க ராஜ உபசாரம். காஞ்ச தீனி கூடாது, ஈரத் தீனிதான். அதுலயும் தண்ணி கலக்கணும். மூலைக்கு மூலை தண்ணிக் கிண்ணம். நான் காலு வெக்கிற இடமெல்லாம் கிண்ணம், நெனையாத நாளே இல்ல. அதுக்கு வேண்டியது அதுல இல்ல, என் டீ டம்ளர்ல நாக்க விடும். முடி உள்ள போகக் கூடாதுன்னு தெனம் சீவி விடணும். என் தலையச் சீவ எனக்கு நேரமில்ல, இவருக்கு முழு அலங்காரம். அப்புறம் டாக்டரம்மா குடுத்த சிரப்பு, மலம் இளகறதுக்கு. தேன் மாதிரி இருக்கும், ஊசியில்லாத சிரிஞ்சுல வாயோரமா விடணும். வீட்டுக்காரர் பிடிப்பாரு, நான் விடுவேன். அது துப்பும். செவுத்துல, என் மூஞ்சில, ஒரு தடவை ஒரு டீச்சரம்மா தைக்கக் குடுத்த வெள்ள சாட்டின் துணியில. அந்தம்மா வந்து இது என்ன பிசுபிசுங்குதுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல, எங்க வக்கீல் வாய் தவறிட்டாருன்னா?

இதுக்கு நடுவுலதான் என் நாத்தனார். எண்ணெய நான் ஊத்த விடலங்கற ரோஷத்துல, அடுத்த வாரம் மருந்துக் கடையில மனுஷங்களுக்கு விக்கிற எனிமா டியூப வாங்கிக்கிட்டு வந்து நிக்கறா. "நான் பிடிச்சுக்கறேன் அண்ணி, நீங்க குடுங்க"ன்னு. டாக்டரம்மா தெளிவாச் சொல்லியிருந்தாங்க, மனுஷனுக்குக் குடுக்கறதுல சிலது பூனைக்கு விஷம், உயிரே போயிடும், வீட்டுல அந்த வேலையே வேணாம்னு. நான் சண்டைக்குத் தயாரா முந்தானைய இழுத்துச் செருகிட்டேன். அதுக்குள்ள இவரு எழுந்து வந்தாரு. தங்கச்சி கையிலருந்து அத வாங்குனாரு. குப்பைத் தொட்டியில போட்டாரு. மூடிய மட்டும் கொஞ்சம் சத்தமா மூடுனாரு. அவரு அளவுக்கு அது பெரிய கூச்சல் தம்பி. அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

ஆனா என்ன பண்ணி என்ன? திரும்ப அடைப்பு. திரும்ப டாக்டர். கொஞ்ச நாள் நல்லாயிருக்கும், மறுபடியும் அதே கதை. வீட்டுல ஆளுக்கு ஆள் பழி. நீங்க ஊட்டி ஊட்டித்தான் கெடுத்தீங்கன்னு நான் இவரச் சொல்லுவேன். அண்ணி சிடுசிடுன்னு இருந்தா பூனைக்கு எப்படி வரும்னு நாத்தனார் போன்ல சொல்லுவா. இவரு யாரையும் சொல்ல மாட்டாரு. காலைல எழுந்ததும் மண்ணக் கிளறிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னா சாப்பிடாம உக்காந்திருப்பாரு.

நேத்து கடைசியா போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா மூஞ்சி மாறிப் போச்சு. இன்னும் ரெண்டு மூணு தடவை இப்படி ஆச்சுன்னா ஆபரேஷன் பண்ணி அந்தக் குடலயே எடுக்கணும், இந்த வயசுக்குத் தாங்குமான்னு சொல்ல முடியாது, தாங்காதுன்னா ஊசி போட்டு வலியில்லாம அனுப்பி வைக்கறதப் பத்தி நீங்க யோசிக்கணும்னாங்க. இவரு பூனை தலைமேல வெச்ச கைய எடுக்கவேயில்ல. அப்புறம் அந்தப் பொண்ணு அதோட இடுப்ப லேசாத் தொட்டுச்சு. தொட்டதுதான், வக்கீல் ஒரு கத்து கத்துச்சு பாருங்க. இடுப்பு எலும்பு ரெண்டும் தேஞ்சு போச்சாம். அப்பதான் கேட்டாங்க, "மண்ணுப் பெட்டி எங்க வெச்சிருக்கீங்க?"

எங்க வெச்சிருக்கோம்... மாடியில. துணி துவைக்கிற மிஷின் பக்கத்துல. சும்மா பெட்டியும் இல்ல, மூடி போட்ட பெட்டி, மேல ஓட்டை, குதிச்சு உள்ள இறங்கணும். அப்பதான் வாடை வராது, மண்ணும் சிதறாது. பாக்கறதுக்கும் நாகரிகமா இருக்கும். நல்லதாத்தான் பாத்து வாங்குனேன்.

ஆமா தம்பி, நான்தான். இது கடை. துணி குடுக்க வர்ற இடம். ஒருத்தி வந்து தன் கோட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சா, மறுநாளே பெட்டிய மேல ஏத்திட்டேன். அதுக்கு அப்புறம் வக்கீல் நடுப்படியில உக்காந்துக்கிட்டு மேலயும் கீழயும் பாத்துக்கிட்டிருக்கும். ஏதோ வழக்குக்கு யோசிக்குதுன்னு நெனச்சேன். நாத்தனார்கிட்டக் கூட சொல்லிச் சிரிச்சேன்.

டாக்டரம்மா சொல்றாங்க, ஏறவும் வலி, குதிக்கவும் வலி, போதாததுக்கு அந்த மிஷின் சத்தம், அதான் அடக்கி வெச்சுக்குது, அடக்க அடக்கக் காஞ்சு கல்லாயிடுது. "யாரு மாடிக்கு மாத்துனது?"ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறந்தேன் தம்பி. தொறந்துட்டேன். அதுக்குள்ள இவரு, "நான்தாம்மா. எனக்கு அந்த வாடை ஒத்துக்கல"ங்கறாரு.

ஒத்துக்கலயாம். லிப்ட் குழியில எலி செத்துக் கிடந்தா கையால எடுத்துப் போட்ட மனுஷன்.

அந்தப் பொண்ணு விட்டுச்சா? வாங்கு வாங்குன்னு வாங்குச்சு. வயசானவரு நீங்களே இப்படிப் பண்ணலாமா, உங்களுக்கு முட்டி வலிச்சா மாடியில கக்கூஸ் வெப்பீங்களான்னு. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு சரிம்மா, சரிம்மாங்கறாரு. நான் பக்கத்துல பொம்மை மாதிரி நிக்கறேன். எனக்கு வந்த கோவம் இருக்கே... யாரு கேட்டா இவர? அது எனக்கு வர வேண்டிய திட்டு. எனக்கு வாங்கத் தெரியாதா?

வெளிய வந்ததும் கேட்டுட்டேன், எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு. பூனைக் கூடைய மார்போட அணைச்சுக்கிட்டு நடக்கறாரு, நடக்கறாரு. தெருமுனை வந்ததும் சொல்றாரு. "உன்னத் திட்டுனா நீ திருப்பித் திட்டுவ. அப்புறம் அந்தம்மா வக்கீலப் பாக்க மாட்டாங்க."

பாத்தீங்களா? நானும் ஏதோ பொண்டாட்டி மேல பாசம்னு ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன். கூடைய நான் வாங்கிக்கிட்டேன், பாவம் கை வலிக்கும்னு. மத்தபடி வீடு வர்ற வரைக்கும் பேசல. நான் பேசாம வந்தா அவருக்கு வழி தெரியல, ஒரு தெரு தள்ளிப் போயிட்டோம்.

வந்ததும் வராததுமா ரம்பத்த எடுத்து ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டிய ஒரு பக்கம் தாழ அறுத்தாரு, ஓரமெல்லாம் தேச்சு வழவழன்னு ஆக்குனாரு. படி ஏற வேணாம், குதிக்க வேணாம், அப்படியே நடந்து போயி உக்காரலாம். எங்க வெக்கிறதுன்னு என்னப் பாத்தாரு. நான்தான் சொன்னேன், இங்கயே வைங்கன்னு. மேஜைக்கு அடியில. உங்க காலுக்குப் பின்னாடிதான் இருக்கு, மிதிச்சுடாதீங்க. ஏன் நெளியறீங்க, சுத்தமாத்தான் இருக்கு. அதான் பிரச்சினையே, நேத்துலருந்து சுத்தமாவே இருக்கு.

...ச்சு. அசையாதீங்க. வருது.

பாக்காதீங்க தம்பி, செவுத்தப் பாருங்க. யாராவது பாத்தா எழுந்து போயிடும். மூச்சு... மெதுவா விடுங்க. மண்ணத் தோண்டற சத்தம் கேக்குதா? உக்காந்துடுச்சு. வாடா என் ராசா. அவசரமில்ல. கோர்ட்டு உனக்காகக் காத்திருக்கும்...

அட என் தங்கமே. என்னங்க, இங்க வாங்க. ஸ்க்ரூ டிரைவரக் கீழ வெச்சுட்டு வாங்க. பாருங்க, பொத்தான் இல்ல, முழுசா. ஆமா, வாடைதான், இருக்கட்டும், ஜன்னலத் தொறக்காதீங்க, பயந்துக்கப் போகுது. அவரப் பாருங்களேன் தம்பி, தரையில உக்காந்துட்டாரு. மனுஷனுக்குப் பல்லு இவ்வளவு இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான்... தம்பி?

எங்க போயிட்டாரு? பேண்ட்டோடயேவா? பின்தையல் பூரா குண்டூசி வெச்சிருக்கேன்.

போகட்டும் விடுங்க. உக்காந்தா திரும்பி வந்துடுவாரு.