மூலையில் இருந்த ‘வேண்டாம்’

பழகின சாமானை மாற்றினால் எனக்கு ஆகாது, மேடம். பற்பசைக்காரன் மூடியின் வடிவத்தை மாற்றினால்கூட அன்றைக்குப் பூராவும் எனக்கு ஒன்றும் ஓடாது. அதனால் அக்காவின் தொடுதிரை டேப்பில் அந்த மாற்றம் வந்த காலையில் முதலில் சத்தம் போட்டவன் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா துணி ஆலையில் தரம் பார்த்தவள். நீள மேஜையில் ஓடிவரும் துணியில் ஒரு இழை பிசகியிருந்தாலும் விரலை வைத்து நிறுத்திக் கழித்துக் கட்டிவிடுவாள். வீட்டிலும் அதே வேலைதான். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள். நான் ஆசைப்பட்ட வெளியூர் வேலை, மோட்டார் சைக்கிள், சத்தமாக வைத்துக் கேட்க ஒரு ரேடியோ, எல்லாம் அவள் முன்னால் வந்து நின்றன. எல்லாம் கழிந்தன. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் பெண்ணை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அக்கா என் பக்கம் திரும்பி “வேண்டாம்” என்றாள். அந்தப் பெண் மடியில் வைத்த கைப்பையோடு அப்படியே எழுந்து போனாள். அந்த வன்மத்தில்தான் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

பக்கவாதம் வந்ததும் அக்காவுக்கு நாக்கு, கழுத்து, முகம் எல்லாம் உறைந்துவிட்டன. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. எழுத்தும் அவளை விட்டுப் போயிருந்தது, படங்கள்தான் புரிந்தன. வேறு ஊரில் இருக்கும் அவள் மகள் அந்த டேப்பை வாங்கி, பேச முடியாதவர்களுக்கான மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். கட்டத்தைத் தட்டினால் ஒரு பெண் குரல் பேசும். தண்ணீர், வலிக்குது, லைட்டை அணை. கீழே வலது மூலையில் பெரிய சிவப்புக் கட்டம்: வேண்டாம். ஒரே மாதத்தில் அக்கா பார்க்காமலே அந்த மூலையைத் தட்டினாள். நாக்குப் போனாலும் நாட்டாமை போகவில்லை என்று கடையில் சொல்லிச் சிரிப்பேன்.

பிறகு அந்தப் புதுப்பிப்பு வந்தது. யாரும் கேட்கவில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. திரை இளம்பச்சையாகிவிட்டது. நாலே கட்டங்கள்: சரி, சந்தோஷம், நல்லா இருக்கேன், மிக்க நன்றி. மற்றதெல்லாம் அடுத்த பக்கத்தில். அங்கே போகத் திரையை விரலால் தள்ள வேண்டும். அக்காவின் விரலுக்குத் தட்ட முடியும், தள்ள முடியாது. நாம் தள்ளிவிட்டாலும் நொடியில் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். வேண்டாம் இருந்த மூலையில் இப்போது மிக்க நன்றி இருந்தது.

நான் அக்கா கட்டில் பக்கத்தில் நின்றபடியே கம்பெனிக்குப் போன் போட்டேன். கையில் கிடைத்தால் உரித்துவிடும் கோபம் எனக்கு.

“வேண்டாம்னு ஒரு பட்டன் இருந்துச்சே, அது எங்கேம்மா?”

“எதிர்மறையான வார்த்தைகளை முதல் பக்கத்துல இருந்து எடுத்திருக்கோம் சார். பயன்படுத்துறவங்க மனசு உற்சாகமா இருக்கணும்னுதான்.”

“படுத்த படுக்கையா கிடக்கறவங்க வேண்டாம்னு சொல்ல உங்களைக் கேக்கணுமா? பழைய திரையைக் குடுங்க.”

காத்திருக்கச் சொன்னாள். போனில் பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் போட்டேன். அக்காவுக்குப் பாட்டு ஆகாது. அவள் விரல் மூலைக்குப் போனது.

“மிக்க நன்றி” என்றது டேப்.

மறுபடி தட்டினாள். “மிக்க நன்றி.”

நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பாட்டு கடைசி வரி வரைக்கும் ஓடியது அன்றைக்குத்தான்.

கம்பெனிப் பெண் திரும்பி வந்தாள். “அமைப்புகள் பக்கத்துல ‘பழைய தோற்றம்’னு இருக்கும் சார். ஒரே தட்டு, எல்லாம் பழையபடி வந்துடும். இப்பவே செஞ்சு பாக்கறீங்களா?”

“செஞ்சுட்டேம்மா. வந்துடுச்சு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். “என்னாச்சுண்ணா, வருமா?”

“வராதாம். கம்பெனிக்காரனே தூக்கிட்டானாம்.”

“அப்போ கண்ணை மூடினா வேண்டாம்னு வெச்சுக்கலாமே?”

“கண்ணு தானாவும் மூடும். தூக்கமா, மறுப்பான்னு யாரு கண்டா?” என்றேன். நான் கண் பார்க்கும் தொழிலில் இருப்பவன். அவள் நம்பிவிட்டாள்.

என் தொழிலே கேள்வி கேட்பதுதான், மேடம். இந்தக் கண்ணாடி தெளிவா, இல்ல இது தெளிவா? இரண்டும் இல்லை என்று சொல்ல நான் இடம் கொடுப்பதில்லை. அக்காவிடமும் கேட்டுத்தான் செய்தேன். ரேடியோ வாங்கட்டுமா என்று கேட்டேன். நன்றி என்றாள். உன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். சுவரைப் பார்த்த சின்ன ஜன்னல், துவைக்கும் இயந்திரம் இருக்கும் அறை. நன்றி நன்றி என்றாள். உதவிக்கு வரும் பெண்ணை நிறுத்திவிடலாமா என்று அவள் எதிரிலேயே கேட்டேன். அக்கா தட்டின தட்டில் டேப் கட்டிலிலிருந்து நழுவியது. பதிலைக் கேட்ட அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

மகள் வீடியோவில் வருவாள். “அம்மா, மாமா நல்லா பாத்துக்கறாரா?”

“மிக்க நன்றி. மிக்க நன்றி.”

“எங்கிட்டகூட அம்மா ஒரு தடவை நன்றின்னு சொன்னதில்ல மாமா. எப்படி மாறிட்டாங்க பாருங்க.” அவள் அழுதாள். அக்கா கண்ணிலும் நீர் வழிந்தது. “அம்மாவும் அழறாங்க, சந்தோஷத்துல” என்றாள். நான்தான் துடைத்துவிட்டேன். மென்மையாகத்தான் துடைத்தேன்.

நான் அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. வேளாவேளைக்கு என் கையாலேயே ஊட்டினேன்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் வந்தாள். அம்மா தொட்ட பொருள் என்று அந்த டேப்பை மடியில் வைத்து எதையோ தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிவப்புக் கட்டம் வந்து நின்றது.

“மாமா, இது இங்கேயேதானே இருக்கு. ஒரே தட்டு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா” என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டாள். நானும் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டேன்.

அந்த மதியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். மருத்துவர் சொன்னபடி தலையணையை உயர்த்தி வைத்தேன். உருளைக்கிழங்கை மசித்து எடுத்துப் போனேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, விழுங்கும்வரை பொறு, போதும் என்று காட்டினால் உடனே நிறுத்து என்பது அவர் சொன்னது. தண்ணீர் விட்டு இளக்கச் சொல்லியிருந்தார், அன்றைக்கு நான் இளக்கவில்லை. பாதிக் கிண்ணத்தில் அவள் தொண்டை கரகரத்தது. விரல் மூலைக்குப் போனது. மிக்க நன்றி. இன்னொரு கரண்டி கொடுத்தேன். உதடு நிறம் மாறியது. அடைத்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த மாதிரி நேரத்தில் முன்னால் சாய்த்து முதுகில் தட்ட வேண்டும் என்பதும் தெரியும், மருத்துவர் செய்தே காட்டியிருந்தார். நான் கரண்டியை நிரப்பினேன். அக்கா இப்போது நிறுத்தாமல் தட்டினாள். அந்தக் குரல் ஒரு நன்றியை முடிக்கும் முன்பே அடுத்ததை ஆரம்பித்தது. மிக்க, மிக்க, மிக்க. அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல் திரையின் மேல் அப்படியே நின்றது. கிண்ணத்தில் மிச்சம் வைப்பது அவளுக்குப் பிடிக்காது என்பதால் மீதியையும் ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன், மேடம். அக்கா பேச்சை நான் ஒருநாளும் தட்டினதில்லை.