திரைக்குப் பின்னால் பாடியவள்

காட்பாடி போகும் ரயிலில், எனக்கு எதிரே இருவர் ஆம்பூரில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருவர் தோல் வியாபாரி. மண்டி வாசனையும் அவர்கூடவே ஏறியது. மற்றவர் டாக்கி கொட்டகையில் படம் ஓட்டுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“நேத்து சாயந்திர ஆட்டத்துல மிஷின்ல சத்தம் போய்டுச்சு, பாய். ஆனா பாட்டு நிக்கல,” என்றார் அவர்.

“எப்படி முனுசாமி? கிராமபோன் வெச்சியா?”

“அதுக்கு ஏது வசதி? சத்தம் போனா எம் பொஞ்சாதிதானே திரைக்குப் பின்னால உக்காந்து பாடுவா. எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம்.”

“தெரியும்பா. ஆனா அந்தம்மா தவறிப் போய் ஒரு மாசம் ஆவுதே. நேத்து யாரு பாடினது?”

முனுசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவதான்.”

வண்டி மேல்பட்டி தாண்டியதும் வியாபாரி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஜனங்க காதுலயும் விழுந்துச்சா?”

“கை தட்டினாங்க, பாய். இன்னொரு தபா பாடச் சொல்லிக் கத்தினாங்க. பாடினா.”

“இன்னாப்பா இது! நீ பின்னால போய்ப் பாக்கலியா?”

“போவல. நான் போனா பாட்டு நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு.”