மூணு கட்டத்திலும் ஒரே விலாசம்

— வீடு மாத்தற ஃபாரத்துல மூணு கட்டத்துலயும் ஒரே விலாசத்தை எழுதி வச்சிருக்கீங்களே அக்லி அண்ணே! மாதாவே, இதை நான் எப்படி ஆபீசுல கொடுப்பேன்?

— ஏன் தியோலிந்தா, எழுத்துப்பிழை இருக்கா?

— பிழையே இல்லை, அச்சடிச்ச மாதிரி இருக்கு. வெனிசியு, பதினோராம் டவர், பதினாலாம் மாடி, இடது கதவு. அதைத்தானே அவங்க இடிக்கப் போறாங்க!

— வல்லா, சத்தியமா, எனக்குத் தெரியாதா? 'எங்கே குடியிருக்க விருப்பம்'னு கேட்டிருக்கான். விருப்பத்தை எழுதினேன். எழுபது வயசுல வகுப்புல போய்க் குந்தி எழுத்துப் படிச்சது பொய் எழுதவா?

— இப்படிக் கொடுத்தா லியோன் நகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க. சந்தைக்குப் பின்னால புதுக் கட்டடம்னு எழுதுங்க, நாலே மாடி. எதிர்வீட்டுக்கு நம்ம ஆறாம் மாடி கொமோரோக்காரங்க வர்றாங்க. கீழே அந்தக் கம்போடியாக்காரர், உங்களுக்குப் புதினா கொடுப்பாரே, அவரு.

— நல்ல மனுசங்கதான்.

— அப்புறம் என்ன பிடிவாதம்? டைல் ஒட்டி ஒட்டியே முழங்கால் தேஞ்ச ஆளுக்குப் பதினாலாம் மாடி கேக்குதா?

— முழங்காலை விடு. என் பையன் யூபாவுக்கு இந்த ஒரு விலாசம்தான் தெரியும்.

— பையனா? நான் இந்த டவரைப் பாத்துக்க வந்து ஆறு வருஷமாச்சு. ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

— அவன் போய்ப் பதினொரு வருஷம். 'என்கூட வா, டைல் ஒட்டு'ன்னேன். மேல படிக்கணும்னான். 'அப்போ வெளியே போய்ப் படி'ன்னேன். போயிட்டான்.

— ஐயோ, அண்ணே.

— லிஃப்ட் நம்ம மாடியில நிக்கிறப்போ எல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். காலடி இடப்பக்கம் திரும்புதா, வலப்பக்கமான்னு. வலப்பக்கம்தான் திரும்பும். பரவாயில்லை, நாளைக்குத் திரும்பும்னு அவனுக்கு எடுத்து வச்ச சூப்பை மூடி வச்சிடுவேன். கட்டடமே இல்லேன்னா அவன் எங்கே வந்து திரும்புவான்? மண்மேட்டையா கேப்பான் அப்பா எங்கேன்னு?

— சரி, நான் இந்தப் பக்கம்தானே இருக்கப் போறேன். கண்ணுல பட்டா அனுப்பி வைக்கிறேன். ஆள் எப்படி இருப்பார்?

— என்னைவிட உயரம். சின்னதுல சைக்கிள்லேர்ந்து விழுந்து இடது காது மடல் கொஞ்சம் பிஞ்சிருக்கும். பேசறப்போ அதையே தடவிக்கிட்டு நிப்பான்.

— தடவிக்கிட்டா?

— என்னம்மா, பேனாவைக் கீழ போட்டுட்டே?

— இடது காதா?

— இடதுதான். ஏன்?

— அண்ணே... கோட்டு, டை போட்டு, கையில ஃபைலோட ஒருத்தர் வந்து நம்ம ஆளுங்க பேரைச் சொல்லி விசாரிச்சா, இங்க நாம என்ன சொல்லுவோம்?

— 'ஊருக்கே திரும்பிப் போயிட்டார், இனி வரமாட்டார்.' பச்சைப் பிள்ளைகூடச் சொல்லுமே. எந்த ஆபீஸ்காரன் எதுக்கு வர்றானோ, யார் கண்டது?

— உங்க பேரைக் கேட்டு வந்தவரைக் கீழயே நிறுத்தி அதைத்தான் சொன்னேன். போன வியாழக்கிழமை.

— யாருன்னு... நீ கேக்கலையா?

— கேட்டா பேச்சு வளரும்னுதானே நாம யாரும் கேக்கறதில்லை!

— சரி. சரி, அழாதே. வல்லா, அழாதேம்மா. வந்திருக்கான், அது போதும். அல்ஜீரியா போனா எங்க மலைக்கிராமத்துக்குத்தான் போவான். 'அக்லி இங்கே வரவே இல்லை'ன்னு சொல்லுவாங்க. திரும்பி வந்துடுவான்.

— மலைக்குப் போகமாட்டார், அண்ணே. 'இப்போ எந்த ஊர்ல இருக்கார்?'னு கேட்டார். உங்க நாட்டுல எனக்கு என்ன தெரியும்? மேஜை மேல பேரீச்சம்பழப் பெட்டி இருந்துச்சு. அதுல போட்டிருந்த பாலைவனத்து ஊர்ப் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா நோட்டுல எழுதிக்கிட்டு, 'ரொம்ப நன்றிம்மா, நான் போய் அவரைக் கூட்டிட்டு வந்துடறேன்'னு சொன்னார்.