கழன்ற தோளோடு ஒரு பயணம்

“தொடாதீங்க. கழண்டது கழண்டபடியே இருக்கட்டும்.”

மலைப்பாதையில் பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அக்கா தன் கணவரிடம் அப்படிச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். வலது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தோள் மூட்டு இறங்கி, ரவிக்கைக்குள் புடைத்துத் தெரிந்தது.

“ஒரே இழுப்புதான்லா, புள்ள. இங்கயே மாட்டிவிடுறேன்.”

“இப்படித்தான் ஒவ்வொரு வாட்டியும் மாட்டிவிட்டீங்க. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மாட்டின கையப் பாத்துட்டு, சுளுக்குன்னு தைலம் குடுத்தான். கங்காணி நடிப்புன்னான்.”

“வலி போச்சா இல்லியா?”

“வலி போச்சு. உள்ள மிச்சமிருந்த நாரும் உங்க இழுப்புல கிழிஞ்சிருக்கும். டவுன் டாக்டர் என்ன சொன்னாரு? கழண்ட கையோட வா, கண்ணால பாத்தாத்தான் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஆபரேசனுக்கு எழுதுவேன்னாரு.”

“லைன் வீட்டுல எல்லாரும் கை மாட்ட எங்கிட்டதான் வராங்க.”

“ஆமா. ஆடு மாட்டுக்கும் நீங்கதான டாக்டர்.”

வளைவில் எதிரே காய்கறி லாரி வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தியதில் அக்கா முன்கம்பியில் போய் மோதினார். டக்கென்று ஒரு சத்தம். தோள் தானாகவே தன் இடத்துக்குப் போய்விட்டது.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அக்கா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“சிரிங்க. டாக்டர் முன்னாடி நீங்களே கழட்டிக் காட்டுங்க. இத்தன நாளும் மாட்ட மட்டுந்தான கத்துக்கிட்டீங்க.”