கனடாவில் செல்லாத கை

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் மறித்திருந்தார்கள். முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் ஒரு கடிதத்தை ஆட்டினார்.

"பதினெட்டு வருஷமா மலர்ச்சாலையில பிரேதம் கெடாமல் மருந்தேத்தி எம்பாம் பண்ணுறன். கனடாவில வேலை கேட்டு எழுதினா, அந்த அனுபவம் அங்க செல்லாதாம். சவப்பெட்டி துடைக்கிறதில இருந்து தொடங்கட்டாம்!"

"ஆர் சொன்னது?"

"அங்க மலர்ச்சாலை நடத்துறாரே, துரை செல்வன். போன வருஷம் அவர் பிளேன் ஏறி வந்து சேருமட்டும் தகப்பனைப் பதினொரு நாள் பழுதாகாமல் வச்சிருந்தது ஆர்? 'அப்பா நித்திரை கொள்ளுற மாதிரியே இருக்கிறார்' எண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதவர்."

"என்ன பதில் எழுதப்போறாய் மச்சான்?"

"பதிலென்ன பதில்? அவற்ர தாய் எண்பது வயசில இன்னும் வெள்ளவத்தையிலதானே இருக்கிறா."