ஆறாவது பொருள்: ஹாஜ் தைபி லம்ரீனி அவர்களின் பணிநிறைவுக்கு

பொட்டலம் கட்டும் கைகள் ஓயட்டும்! ஒட்டுநாடா உருளைகள் உருளாது நிற்கட்டும்! பின்னோக்கி வரும் சரக்கு வண்டியின் கூவல் சற்றே அடங்கட்டும்! காஸாபிளாங்கா மாநகரின் ஐன் செபா தொழிற்பேட்டையில், மூன்றாம் எண் கிடங்கின் வரலாற்றில் இதற்கு முன் நிகழாத பெருஞ்செய்தி ஒன்று இப்போது அறிவிக்கப்படுகிறது: கிடங்குக் காப்பாளர் ஹாஜ் தைபி லம்ரீனி அவர்கள் இன்று மாலை ஆறு மணிக்கு ஓய்வு பெறுகிறார். மெய்யாகவே பெறுகிறார். பணியாளர் பிரிவில் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

சாவிக்கொத்தின் சக்கரவர்த்தியே! அடுக்குகளின் அரசே! எண்ணி எண்ணியே எங்களையும் எண்ண வைத்த ஏந்தலே!

இருபத்திரண்டு ஆண்டுகள் தாங்கள் இக்கிடங்கைக் காத்தீர்கள். யாரிடமிருந்து காத்தீர்கள் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. எங்களிடமிருந்துதான் என்று நாங்களே ஊகித்துக்கொண்டோம். பதிலுக்கு நாங்களும் தங்களைக் காத்தோம். தங்கள் பை, தங்கள் தேநீர்க் குடுவை, தாங்கள் அணியும் ஜலாபா அங்கியின் முதுகில் தொங்கும் அந்த ஆழமான குல்லா ஆகிய அனைத்தின்மீதும் எங்கள் கண்கள் அன்பு மாறாமல் பதிந்திருந்தன. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் விடாது நோக்கிய இன்னொரு மனிதர் இத்தொழிற்பேட்டையில் இல்லை.

எட்டு மணிக்குத் திறக்கும் கிடங்குக்கு ஏழு மணிக்கே வந்து சேர்ந்த சோர்வறியாச் செம்மலே! வேறு எவராயினும் இதை உழைப்பு என்று உச்சிமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். நாங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஆளில்லாத கிடங்கில், பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு மனிதருக்கு ஒரு மணி நேரம் என்ன வேலை?

வெள்ளிதோறும் தாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து பரிமாறிய ம்ஸெம்மன் ரொட்டியை எப்படி மறப்போம்! மடித்து மடித்துச் சுட்டு, வெண்ணெயும் தேனும் வழியத் தாங்கள் நீட்டிய அந்த ரொட்டியைப் பார்த்துக் கணினிப் பிரிவு ரெதுவான் சொன்னது எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்ததுதான்.

"காரணமில்லாம எவன் தேன் தடவுவான்?"

பொட்டலம் கட்டும் பெண்களின் தலைவி லல்லா ஸுஹூர் உடனே திருப்பினார்: "அப்ப நீ ஏன் மூணு தின்னே?"

"ஆதாரம் சேகரிக்கிறேன், லல்லா."

நான்காண்டுகளுக்கு முன் நம் கிடங்குக்கு மென்பொருள் வந்தது. இணையதளத்தில் வரும் ஆணைகளையும் அடுக்கில் இருக்கும் சரக்கையும் அது ஒன்றாகக் கட்டி ஆண்டது. நம் பெருமைக்கும் வயிற்றுக்கும் ஆதாரமான மணப்பெண் செட்டையும் அது தன் ஆளுகைக்குள் எடுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன் ஹம்மாமுக்குக் குளிக்கப் போகும் பெண்ணுக்குக் கருஞ்சோப்பு ஒரு டப்பா, தேய்ப்புக் கையுறை ஒன்று, தலைக்குத் தேய்க்கும் களிமண் ஒரு பொட்டலம், பன்னீர் ஒரு குப்பி, மருதாணிக் கிண்ணம் ஒன்று. ஆக ஐந்து பொருள். செட்டுக்கென்று தனி இருப்பு கிடையாது, ஐந்தில் எது குறைவோ அதுவே செட்டின் எண்ணிக்கை என்று ரெதுவான் தங்களுக்கு வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து அரை நாள் விளக்கினார்.

"மாப்பிள்ளை அஞ்சு பேரு வந்து நின்னாலும் பொண்ணு ஒண்ணுன்னா கல்யாணம் ஒண்ணுதானே? இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய மிஷினு?" என்றீர்கள்.

அன்றே எங்களுக்குத் தோன்றியது: இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்ளும் மனிதர் ஆபத்தானவர்.

தோன்றியது வீண்போகவில்லை. அடுக்கில் முந்நூறு செட்டுக்குச் சரக்கு இருக்கும். கணினித் திரை இருநூற்று அறுபது என்னும். கோடையில், கல்யாணங்கள் குவியும் காலத்தில், இந்த இடைவெளி இன்னும் அகலும். எலி என்றார்கள் சிலர். கையுறை தின்னும் எலி எங்கும் இல்லை என்றார் லல்லா ஸுஹூர். ஒரு குளிர்காலக் காலையில், "முதுகுல தூசி ஹாஜி, தட்டி விடுறேன்" என்று சொல்லித் தங்கள் குல்லாவுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார். அகப்பட்டவை: அரை ரொட்டி, ஒரு கட்டுப் புதினா, ஒரு வெங்காயம்.

தாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெங்காயத்தையும் அழுத்திப் பாரு, தங்கச்சி. அழுகியிருந்தாச் சொல்லு."

அழுத்திப் பார்த்தார். அழுகியிருந்தது. அதுவும் எங்களுக்கு ஐயமாகவே இருந்தது.

மறைபொருள் மாண்பினரே! இவ்வாண்டு மே மாதம், நம் இயக்குநர் பெர்ராதா அவர்களின் ஆணைப்படி ரெதுவான் மணப்பெண் செட்டின் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஐந்து பொருள் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இருந்தன. ஆறாவதன் பெயர் "பரக்கத்". ஒரு செட்டுக்கு அளவு: ஒன்று. எந்த அடுக்கு என்ற கட்டம்: வெற்று. பதிந்தவர்: தைபி லம்ரீனி. நாள்தோறும் காலை எட்டு மணிக்கு முன் தாங்கள் அதன் எண்ணிக்கையை மாற்றி வந்திருக்கிறீர்கள். பரக்கத் எத்தனையோ அத்தனை செட்டுதான் இணையதளத்தில் விற்கும். இறைவனின் அருளுக்கு இருப்புக் கணக்கு வைத்த முதல் மனிதர் தாங்களே!

ரெதுவான் வீரர். ஒரு செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்த வரியை நீக்கினார். இடைவெளி மறைந்தது, முப்பத்தெட்டு செட்டுகள் ஒரே பொழுதில் கூடுதலாக விற்றன, ரெதுவான் தமக்குத் தாமே கைகுலுக்கிக்கொண்டார். அவ்வாரம் ஃபெஸ் நகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. மணப்பெண்ணின் தாய்.

"பெட்டியைத் திறந்தா ஒரே சேறு! பன்னீரெல்லாம் ஒழுகிக் களிமண்ணுல கலந்து கெடக்கு. என் பொண்ணுக்குக் கல்யாணம் பண்றோமா, இல்ல வீட்டுச் சுவர் பூசுறோமா?"

"பூசுற மண் வேற, அம்மா" என்று ரெதுவான் தொடங்கினார். நல்லவேளை, லல்லா ஸுஹூர் தொலைபேசியைப் பிடுங்கிவிட்டார். அன்று மாலையே ஆறாவது வரி தன் இடத்துக்குத் திரும்பியது.

அவையோரே, நம் நிலையை எண்ணிப் பாருங்கள்! அந்த வரி இருந்தால், அதில் எண் இடும் உரிமை கிடங்குக் காப்பாளர் ஒருவருக்கே. அவரோ இன்று ஆறு மணிக்குப் போகிறார். புதுக் காப்பாளர் வேண்டாம், "சாஃப்ட்வேரே பாத்துக்கும்" என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். மீதமுள்ள பரக்கத் இரண்டு நாள் தாங்காது. தீர்ந்தால் ஜூலை மாதத்தின் நட்டநடுவில் மணப்பெண் செட் இல்லை. செட் இல்லையேல் லல்லா ஸுஹூரின் மேசையும் அதைச் சுற்றி நிற்கும் இருபது பெண்களின் பருவவேலையும் இல்லை. அந்த வரியை நீக்கினால் நாடெங்கும் சேறு; சேறு போய்ச் சேர்ந்தால் அடுத்த பருவமே இல்லை. ஆகவே இம்மடலின் முதற்படியில் தங்களை வள்ளல் என்றும் வான்மழை என்றும் பதினான்கு வரிகளில் புகழ்ந்திருந்தோம். கனிந்து உண்மையைச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கைதான். லல்லா ஸுஹூர் அதைக் கிழித்துவிட்டு, "நேராப் போய்க் கேப்போம்" என்றார்.

நேற்று மூவராக வந்தோம். தாங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள், எங்களுக்கும் ஊற்றினீர்கள், நாங்கள் தாங்கள் முதலில் குடிக்கும்வரை காத்திருந்தோம்.

"ஹாஜி, இந்தப் பரக்கத் எந்த அடுக்குல இருக்கு?" என்றார் இயக்குநர்.

தாங்கள் வலக்கைக் கட்டைவிரலை நீட்டினீர்கள். "இதுல."

"விளையாடாதீங்க ஹாஜி. இருபது பொண்ணுங்க பொழப்பு இது" என்றார் லல்லா ஸுஹூர்.

"நான் எங்க விளையாடுறேன்? வாங்க."

கொதிகலன் அறையின் பின்புறம், நாங்கள் எவரும் நுழைந்திராத அந்தத் தகரக் கதவைத் திறந்தீர்கள். உள்ளே, தார்ப்பாய்க்கு அடியில், நான்கு ஆண்டுகளின் ஒழுகும் பன்னீர்க் குப்பிகள், தையல் விட்ட கையுறைகள், விரிசல் விட்ட கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் நாளிட்ட சீட்டுடன் வரிசை வரிசையாக நின்றன. அறை முழுதும் ரோஜா மணந்தது. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தாங்கள் செய்தது இதுதான்: புதிதாக வந்த ஒவ்வொரு குப்பியையும் தலைகீழாகப் பிடித்து மூடியைக் கட்டைவிரலால் அழுத்துவது, நம்பாததை எடுத்து ஒதுக்குவது, நம்பியதை எண்ணிப் பரக்கத் என்று பதிவது. அழுத்திப் பார்க்க நேரம் வாய்க்காதவை எண்ணில் சேராமல் அடுக்கிலேயே காத்திருந்தன.

"சேதம்னு எழுதி இருப்புல கழிச்சிருக்கலாமே!" என்றார் ரெதுவான்.

"ஒரு தடவை எழுதினேன். ஒம்பது குப்பி." தாங்கள் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தீர்கள். மூன்று படிகளில் நிரப்பப்பட்ட சேதப் படிவம். அதன் அடியில் இயக்குநரின் கையெழுத்தில்: 'எங்கே போயின? உடன் இருந்தவர் யார்?' "ஒரு மணி நேரம் உக்கார வச்சுக் கேட்டீங்களே ஐயா, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு முடிவு பண்ணேன். சேதம்னு எழுதினா விசாரணை. பரக்கத்னு எழுதினா எவன் விசாரிப்பான்?"

இயக்குநருக்கு ஞாபகம் இருந்தது. நான்காண்டுகளாக ஒரு குப்பிகூடச் சேதமடையாத கிடங்கு என்று அவர் அறையில் கேடயம் ஒன்று தொங்குகிறது; அதுவும் ஞாபகம் வந்தது. தார்ப்பாயைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பேனா கேட்டார்.

புதுக் காப்பாளரை நியமிக்க அவர் ஒப்பமிடும்போது, யார் என்று தங்களைக் கேட்டார். தாங்கள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"ஸுஹூர்."

"நானா? நான் உங்க குல்லாவையே துழாவினவ, ஹாஜி."

"அதனாலதான். மத்தவங்க எல்லாம் தூரத்துல நின்னு முறைச்சாங்க. நீ ஒருத்திதான் கையை விட்டு அடிவரைக்கும் பாத்தே. வெங்காயத்தை அழுத்தச் சொன்னா அழுத்தினே. இந்த வேலைக்கு அது போதும்."

லல்லா ஸுஹூர் அருகில் இருந்த குப்பி ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். தாங்கள் சொன்னது சரிதானா என்று பார்த்தார்.

ஐயத்துக்கே ஐயம் தந்த அண்ணலே! தங்களை நாங்கள் சந்தேகித்தோம். தாங்கள் எங்கள் குப்பிகளைச் சந்தேகித்தீர்கள். மணப்பெண்களை வாழவைத்தது தங்களுடைய சந்தேகம்தான் என்று இன்று ஒப்புக்கொள்கிறோம். எனினும் கடமை தவறாதவர்களாக ஒன்றைப் பதிவு செய்யவேண்டியுள்ளது. அந்தத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து நான்கு ஆண்டுகளில் ஒரு குப்பிகூட, ஒரு கையுறைகூட வெளியே போகவில்லை. சீட்டுகளை நேற்று மாலை முழுதும் சரிபார்த்தோம். ஒன்றைக்கூட ஏன் எடுக்கவில்லை என்பதற்கு எங்களுக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை. ரெதுவான் விசாரித்து வருகிறார்.

தங்கள் முழங்கால்கள் வலுவோடு இருக்கட்டும்! அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு வலியும் வாராதிருக்கட்டும்! சந்தையில் தக்காளிக்காரரும் முலாம்பழக்காரரும் தங்களைக் கண்டதும் தட்டை மூடும்படியான நீண்ட, நிறைந்த, யாரையும் நம்பாத நல்வாழ்வைத் தாங்கள் வாழவேண்டும் என்று வாழ்த்துகிறோம். வெள்ளிக்கிழமைகளில் இவ்வழியே வர நேர்ந்தால், ரொட்டி கொண்டுவரத் தடையில்லை. யாராவது முதலில் ஒன்று தின்று பார்ப்பார்கள்.

இங்ஙனம்,
மூன்றாம் எண் கிடங்கின் ஊழியர்கள்
(ஒருவர் ஒப்பமிடுவதை மற்றவர் பார்த்திருக்க ஒப்பமிட்டது)

பின்குறிப்பு: இப்பரிசை ரெதுவான் மென்பொருளில் 'பணிநிறைவு செட்' என்று பதிந்திருக்கிறார்: மடல் ஒன்று, அதை மாட்ட மரச்சட்டம் ஒன்று, சட்டத்துக்குக் கண்ணாடி ஒன்று, பூங்கொத்து ஒன்று. ஐந்தாவதாகப் புதுக் காப்பாளர் லல்லா ஸுஹூர் பரக்கத் என்ற பொருளைச் சேர்த்தார். பிறகு கண்ணாடியின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு மூலையில் விரிசல். பணிநிறைவு செட், கையிருப்பு: பூஜ்யம்.

மடலைச் சுருட்டித்தான் தருகிறோம்.